பாலைவனத்தில் கொலை செய்தால் யார் கண்டுபிடிப்பது?

ஜூன் 8: ஒரு வாசகர் கேட்டது

ரொம்ப நாள் சந்தேகம். காடு, பாலைவனம், பனிமலை என்று ஆளில்லாத இடங்களில் நடக்கிற துப்பறியும் நாவல்களாக வரிசையாகப் படித்துத் தள்ளிவிட்டேன். எல்லாவற்றிலும் கடைசி அத்தியாயத்தில் கொலையாளி மாட்டிக்கொள்கிறான். நிஜத்தில் அப்படி ஓர் இடத்தில் ஒருத்தனைக் கொன்று போட்டால் நாயோ நரியோ தின்றுவிடும், மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். சாட்சி கிடையாது, கேமரா கிடையாது. பிடிக்கவே முடியாததைப் பிடித்ததாகக் கதை விடுகிறார்கள். மறுப்பு உண்டா?

ஜூன் 8, இரவு 10:20

உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில் மர்ச்சிசன் என்ற பகுதி. செம்மண், முல்கா மரம், ஈ. இந்த மூன்றைத் தவிர வேறு எதையும் பார்க்க மணிக்கணக்கில் வண்டி ஓட்ட வேண்டும். அங்கே தங்கச் சுரங்கம் ஒன்றில் பாறை மாதிரிகளை அரைத்துப் பரிசோதிக்கிற வேலையில் நான்கு வருடம் இருந்தேன், அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கை அரித்தது.

நீங்கள் சொல்கிற அதே கேள்வியை 1929இல் அதே மண்ணில் ஒரு எழுத்தாளர் கேட்டார். ஆர்தர் அப்ஃபீல்ட். இங்கிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவுக்கு வந்தவர், முதல் உலகப் போருக்குப் போய்த் திரும்பியவர், அப்போது முயல் வேலியில் ஒட்டகம் வைத்துக்கொண்டு காவல் வேலை பார்த்தவர். அடுத்த நாவலுக்குக் கொலை செய்யப்பட்டவனின் உடல் துளிகூட மிஞ்சாமல் மறைய வேண்டும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பேச்சுவாக்கில் வேலியோரத்து ஆட்களுக்கெல்லாம் அது தெரிந்துபோனது. அவர்களில் ஒருத்தன் அதை எடுத்து நிஜமாகவே செய்து பார்த்தான். மாட்டினான். 1932இல் ஃப்ரீமேண்டல் சிறையில் தூக்கில் போட்டார்கள்.

நாவல் பொய் என்கிறீர்கள். இங்கே நாவலுக்காக யோசித்ததே உண்மையாகிவிட்டது.

ஜூன் 9, காலை

நேற்று தூக்கக் கலக்கத்தில் ஒரு தப்பு. வழியைக் கண்டுபிடித்தது அப்ஃபீல்ட் இல்லை. ரிச்சி என்று வேலியில் அவரோடு வேலை பார்த்தவர். அப்ஃபீல்ட் கேட்டார், ரிச்சி அடுப்பில் தேநீர் வைக்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்லிவிட்டார்: எரி, சாம்பலைச் சலி, உலோகத்தை அமிலத்தில் கரை, மிஞ்சின எலும்பை டாலி பாட்டில் இடி, காற்றில் விடு. அதே இடத்தில் கங்காரு ஒன்றையும் எரித்துவிட்டால் ஏன் தீ மூட்டினாய் என்று கேட்பவனுக்கும் பதில் தயார்.

டாலி பாட் என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை, இரும்பு உரல். தங்கம் தேடுபவர்கள் பாறைத் துண்டை இடித்துப் பார்க்க வைத்திருப்பார்கள். எங்கள் ஆய்வகத்தில் பழசு ஒன்று கதவு மூடாமலிருக்க முட்டுக் கொடுத்துக் கிடந்தது. கதை தெரிந்த பிறகு அதைக் காலால் தள்ளக்கூட ஒரு மாதிரி இருக்கும்.

இதற்கு அப்புறம் வந்ததுதான் எனக்குப் பிடித்த இடம். வழி கிடைத்ததும் அப்ஃபீல்டுக்குச் சந்தோஷமில்லை, தலைவலி. ஓட்டையே இல்லாத கொலையை அவருடைய துப்பறிபவன் எப்படிக் கண்டுபிடிப்பான்? "இதில் ஒரு ஓட்டை கண்டுபிடித்துச் சொல், ஒரு பவுண்டு தருகிறேன்" என்று ரிச்சியிடமே சொன்னார். ரிச்சிக்கு அந்த ஒரு பவுண்டு கிடைக்கவில்லை. 1929 அக்டோபரில் கேமல் ஸ்டேஷன் என்ற இடத்தில் கூடியிருந்தபோது இந்தப் பேச்சு மறுபடி வந்தது. ஸ்னோவி ரோல்ஸ் என்ற மாட்டுப்பண்ணை ஆள் அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு அதை நிஜமாகச் செய்து பார்த்தவன் அவன்தான்.

ஜூன் 9, மதியம்

"நாவலைப் படித்துவிட்டுக் கொலை செய்தான்" என்று இந்தக் கதையைப் பலர் சொல்வார்கள். இல்லை. அப்ஃபீல்டின் அந்த நாவல், 'தி சாண்ட்ஸ் ஆஃப் விண்டீ', 1931இல்தான் வந்தது. ரயன், லாய்ட் என்ற இரண்டு பேர் காணாமல் போனது 1929 டிசம்பர், மூன்றாவது ஆள் லூயிஸ் கேரன் 1930 மே. புத்தகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, அரட்டையைச் சொல்லுங்கள்.

ஜூன் 11

கீழே ஒருத்தர் "எரித்தால் எல்லாம் போய்விடுமே, பிறகென்ன இடிப்பது, சலிப்பது?" என்று கேட்டிருக்கிறார். தம்பி, நீங்கள் சுடுகாட்டுக்குப் போனதில்லை என்று தெரிகிறது.

என் தாத்தாவை எரித்தது விறகிலும் வறட்டியிலும். மறுநாள் காலையில் பால் தெளிக்கப் போனோம். எனக்குப் பதினாறு வயது. சாம்பல்தான் இருக்கும், ஒரு சொம்பில் அள்ளிக்கொண்டு வரலாம் என்று நினைத்துப் போனவன், அங்கே வெட்டியான் காட்டியதைப் பார்த்து ஆடிப்போனேன். தொடை எலும்புத் துண்டு, முதுகெலும்புக் கண்ணிகள், மண்டை ஓட்டின் வளைவு தெரிகிற ஓடு. கால் பக்கமிருந்து தலை வரைக்கும் வரிசையாகப் பொறுக்கச் சொன்னார். அது போக, இடுப்பு அரைஞாண் உருகாமல் ஒரு பக்கம் கிடந்தது. கழற்ற எல்லோரும் மறந்துவிட்டார்கள். சித்தப்பா எடுத்துத் துடைத்து மடியில் கட்டிக்கொண்டார், அதற்கு வீட்டில் ஆறு மாதம் சண்டை நடந்தது, அது வேறு கதை.

அதனால்தான் அப்ஃபீல்ட் கதையைப் படித்தபோது எனக்கு அந்த வழியின் முதல் பாதி ஏமாற்றவே இல்லை. தீ முடிக்காது, எலும்பு நிற்கும், உலோகம் நிற்கும். ரிச்சிக்கும் அது தெரிந்திருக்கிறது, அதனால்தான் சல்லடையும் உரலும் அமிலமும். ரோல்ஸ் மூன்றாவது தடவை அந்த இரண்டாம் பாதியில்தான் சோம்பேறித்தனம் பண்ணினான். முயல் வேலியின் 183ஆம் மைல் குடிசைக்குப் பக்கத்தில் சாம்பலில் போலீஸ் கிளறியபோது எலும்பு, பொய்ப்பல், ஒரு கல்யாண மோதிரம்.

ஜூன் 11, இன்னும் கொஞ்சம்

மோதிரத்தைப் பற்றிச் சொல்லாமல் தூங்கினால் தப்பு.

கேரன் நியூசிலாந்துக்காரர். மோதிரம் 18 கேரட். மனைவி அதை அளவு மாற்றக் கடையில் கொடுத்திருக்கிறார், கடைப் பையன் தவறுதலாக 9 கேரட் பற்றுப்பொடி வைத்து ஊதிவிட்டான். நிறம் ஒட்டவில்லை, ஒட்டு தனியாகத் தெரிந்தது. நம் ஊர் ஆசாரி கடையில் இப்படிச் செய்திருந்தால் அம்மாக்கள் கடையை இரண்டாக்கியிருப்பார்கள். அந்த மட்டமான வேலைதான் நீதிமன்றத்தில் மோதிரத்தை இது இன்னாருடையது என்று சொன்னது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, கடல் தாண்டி, ஒரு பட்டறையில் நடந்த கவனக்குறைவு.

பொடி வைத்துப் பேசுவது என்கிறோமே, அன்றைக்குப் பொடியே பேசிவிட்டது. (மன்னிக்கவும். இரவு வேலை முடிந்து வந்தவன்.)

துப்பறியும் நாவலில் இப்படி ஒரு தடயம் வைத்தால் நாமே "போய்யா" என்று மூடி வைத்துவிடுவோம்.

ஜூன் 12

முதல் கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார்: "மோதிரம் அதிர்ஷ்டம். அது இல்லாவிட்டால்?"

சரி, மோதிரத்தை விடுங்கள். போலீஸ் அந்தச் சாம்பலுக்கு எப்படிப் போனது? அதைப் பாருங்கள். கேரன் கடிதம் எழுதுகிற மனுஷன். கடிதம் நின்றதும் நண்பருக்கு உறுத்தியது, விசாரித்தார். கேரன் கடைசியாக ரோல்ஸின் வண்டியில் போனது தெரிந்திருந்தது, கேரனின் சம்பளக் காசோலையை ரோல்ஸ் மாற்றியதும் தெரிய வந்தது. நகரத்தில் இதெல்லாம் யார் கண்ணில் படும்? சென்னையில் என் வீட்டு எதிர்வீட்டில் யார் இருந்தார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் நூறு கிலோமீட்டருக்கு நாலு பேர் இருக்கிற இடத்தில் அந்த நாலு பேரும் மற்ற மூன்று பேரின் கணக்கை வைத்திருப்பார்கள். யார் வண்டி எந்தப் பக்கம் போனது, போனபோது எத்தனை பேர், திரும்பியபோது எத்தனை பேர்.

எனக்கே நடந்திருக்கிறது. மவுண்ட் மேக்னட்டிலிருந்து கிழக்கே மண் சாலையில் நானும் கூட வேலை பார்த்த நாங்குநேரிக்காரன் ஒருத்தனும் போனோம். டயர் வெடித்தது. மாற்று டயரை மாட்டினால் அதுவும் சப்பை. கிளம்பும்போது அதில் காற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய ஆள் நான், பார்க்கவில்லை. வெயில் 43 டிகிரி. வண்டி நிழலில் படுத்து ஐந்து மணி நேரம். ஒரு வண்டி இல்லை, ஒரு புகை இல்லை. இங்கே செத்தால் எவனுக்கும் தெரியாது என்று நிஜமாகவே நினைத்தேன். கடைசியில் ஒரு பண்ணைக்காரர் வந்தார், கேட்காமலே டயரைக் கழற்றினார். மாலையில் ரோட்ஹவுஸ் கடைக்குள் நுழைந்தால் கல்லாவில் இருந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்கிறார்: "வெள்ளை வண்டி, இரண்டு டயரும் போனவர்கள் நீங்கள்தானே?"

யாரும் இல்லாத இடம் என்று நாம் நினைக்கிறோம். யாரும் இல்லாததால்தான் நாம் அப்படித் தெரிகிறோம்.

ஜூன் 15

மூன்று நாளாக மனசு கேட்கவில்லை. மேலே எழுதியது ஒரு பாதிதான்.

ரோல்ஸ் மேல் நடந்த வழக்கு கேரனைக் கொன்றதற்கு மட்டும். ரயன், லாய்ட் இரண்டு பேரையும் கொன்றவன் அவன்தான் என்று எல்லோருக்கும் தெரியும், ரயனின் வண்டியையே ஓட்டிக்கொண்டு திரிந்தான். ஆனால் உடல் கிடைக்கவில்லை. ரிச்சியின் வழியை அவர்கள் விஷயத்தில் ஒழுங்காகச் செய்திருக்கிறான் போல. நான் சொன்ன அந்த நாலு பேர், யார் வண்டி எங்கே போனது என்று கணக்கு வைத்திருக்கிற நாலு பேர், அந்த டிசம்பரில் என்ன செய்தார்கள்? அவன் ஏதோ சொன்னான், வண்டியை விலைக்கு வாங்கினேன் என்றான், நம்பினார்கள். வேலை தேடி ஊர் ஊராகப் போகிறவன் ஒருநாள் காணாமல் போனால் அந்த ஊரில் அது செய்தி இல்லை. கேரனுக்குக் கடிதம் எதிர்பார்க்கிற ஒருத்தர் இருந்தார். அவர் இல்லாவிட்டால் மூன்றாவதும் போயிருக்கும்.

ஆகவே கேள்வி கேட்ட நண்பரே, மூன்றில் இரண்டு உங்களுக்கு. என் மறுப்பை வாபஸ் வாங்கவில்லை, அளவைக் குறைக்கிறேன். பாலைவனம் உடலை மறைக்கும். காசோலையையும் கடிதத்தையும் மறைக்கத் தெரியாது.

ஜூன் 16

முயல் வேலி என்றால் என்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். முயல்கள் கிழக்கிலிருந்து மேற்கே வராமல் தடுக்க, கண்டத்தின் தெற்குக் கரையிலிருந்து வடக்குக் கரை வரைக்கும் போட்ட வேலி. 1901இல் தொடங்கி 1907இல் முடித்தார்கள். முதல் வேலி மட்டும் 1,833 கிலோமீட்டர். 1902இலேயே முயல் மேற்குப் பக்கம் வந்துவிட்டது.

அரசாங்க வேலை, வேறென்ன.

ஜூன் 20

ஒருத்தர் நல்ல கேள்வி கேட்டார்: ஆபத்தான இடம் உடலை மறைக்கும் என்பது சரி, காட்டிக்கொடுத்த கதை உண்டா?

அமெரிக்காவில் நெவாடா பார் என்ற எழுத்தாளர், தேசியப் பூங்காக்களில் வனக்காவலராக வேலை பார்த்தவர். அவருடைய துப்பறிபவள் அன்னா பிஜனும் வனக்காவலர்தான், புத்தகத்துக்கு ஒரு பூங்கா. அதில் சுப்பீரியர் ஏரியில் நடக்கிற ஒன்று. அந்த ஏரியில் கம்லூப்ஸ் என்ற சரக்குக் கப்பல் 1927 டிசம்பரில் நிஜமாகவே மூழ்கியது, அரை நூற்றாண்டு கழித்து 1977இல்தான் கண்டுபிடித்தார்கள். ஆழத்தில் தண்ணீர் வருடம் முழுக்கக் குளிர்சாதனப் பெட்டி மாதிரி. அழுகினால்தானே உடலில் வாயு சேர்ந்து மேலே மிதக்கும்? அங்கே அழுகல் நடப்பதில்லை, அதனால் செத்தவர்கள் மேலே வருவதில்லை. கப்பலுக்குள் மாலுமிகளின் உடல்கள் இன்னும் இருக்கின்றன. நாவலில் முக்குளிப்பவர்கள் உள்ளே போய்ப் பார்க்கிறார்கள், கணக்கில் ஒரு உடல் கூடுதல். அவ்வளவுதான் சொல்வேன், மிச்சத்தைப் படியுங்கள்.

இதில் எனக்குப் பிடித்தது, பார் அந்த ஏரியை அழகு என்று வருணித்து நேரத்தை வீணாக்கவில்லை. குளிர் என்ன செய்யும், எவ்வளவு நேரம் கீழே இருக்கலாம், மேலே ஏறும்போது அவசரப்பட்டால் என்ன ஆகும் என்று வேலை தெரிந்தவள் பேசுகிற மாதிரி பேசுகிறார். கொலையும் அந்த விவரங்களுக்குள்ளேயே இருக்கிறது. ஏரியை எடுத்துவிட்டு அந்தக் கொலையை ஒரு பங்களாவில் வைக்க முடியாது.

வைக்க முடிந்தால் அது இந்த வகை நாவலே இல்லை என்பேன். முதல் நான்கு பக்கம் மலை, மூடுபனி, ஆந்தை. ஐந்தாம் பக்கத்திலிருந்து எல்லோரும் ஒரு விடுதிக்குள் உட்கார்ந்து ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்படுவார்கள். மலை வெளியே ஜன்னல் வழியாகத் தெரியும். அதற்கு நாள்காட்டிப் படம் போதும்.

ஜூன் 21

நேற்று எழுதியதைப் படித்த ஒருத்தர், அப்படியானால் ஆஸ்திரேலிய எழுத்தாளர் ஜேன் ஹார்ப்பர்? என்கிறார். 'தி லாஸ்ட் மேன்' ஆரம்பத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். குயின்ஸ்லாந்து உள்நாட்டில் மாட்டுப்பண்ணைக்காரன் ஒருத்தன் வெயிலில் செத்துக் கிடக்கிறான். அவனுடைய வண்டி சில கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது, உள்ளே தண்ணீர், சாப்பாடு, எல்லாம் அப்படியே. அந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவன் ஏன் வண்டியை விட்டு இறங்கி நடந்தான்? மொத்தக் கதையும் அந்த ஒரு கேள்வியில் நிற்கிறது. எனக்கு வேலையில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்த விதி: வண்டி நின்றால் வண்டியை விட்டு நகராதே. அந்தப் பயிற்சி வகுப்பில் தூங்கினவர்களுக்கும் அது மட்டும் தெரியும். அதனால் இரண்டாம் பக்கத்திலேயே எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. அங்கே வேலை பார்க்காத என் மனைவிக்கு அது பெரிதாகப் படவில்லை, "இறங்கி நடந்திருப்பான், என்ன இப்போ" என்றாள். அங்கே தெரிந்தது, இந்த வகை நாவலில் எழுத்தாளர் முதலில் அந்த விதியை வாசகருக்கு ஊட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் விதி உடைந்தது தெரியவே தெரியாது. ஹார்ப்பர் பிறகு ஊட்டுகிறார், என் மனைவி அறுபதாம் பக்கத்தில் அமைதியானாள்.

ஜூன் 22

அப்ஃபீல்டைப் புகழ்ந்து தள்ளிவிட்டேன் என்று ஒரு தனிச்செய்தி. நியாயம். அவருடைய துப்பறிபவன் போனி, முழுப்பெயர் நெப்போலியன் போனபார்ட், அப்பா வெள்ளையர், அம்மா பூர்வகுடி. 1920களில் அப்படி ஒருவரை அறிவாளியாக, நாயகனாக வைத்தது பெரிய விஷயம். அதே கையோடு, அவன் மூளை அப்பா ரத்தம், தடம் படிக்கிற கண் அம்மா ரத்தம் என்று பாகப்பிரிவினை செய்கிற வரிகள் வந்துகொண்டே இருக்கும். இன்றைக்குப் படித்தால் பல்லில் கல் கடிபடும். தடம் படிப்பது ரத்தத்தில் வருவதில்லை, சின்ன வயதிலிருந்து பெரியவர்கள் பின்னால் நடந்து நடந்து கற்பது. எங்களுடன் வேலை செய்த பூர்வகுடிப் பெரியவர் ஒருவர், நேற்று இந்தப் பக்கம் போன வண்டியில் பின் டயர் ஒன்று தேய்ந்திருக்கிறது என்று சொல்வார். எப்படி என்று கேட்டால் சிரிப்பார், "நீ கல்லைப் பார்த்துத் தங்கம் என்கிறாயே, அது எப்படி?" என்பார்.

அமெரிக்காவின் அவாஹோ பூர்வகுடிகளின் நிலத்தை வைத்துத் துப்பறியும் நாவல்கள் எழுதிய டோனி ஹில்லர்மன், தனக்கு வழி காட்டியது சின்ன வயதில் படித்த அப்ஃபீல்ட் என்று சொன்னவர்.

ஜூன் 22, ஐந்து நிமிடம் கழித்து

நவாஹோ. விரல் வழுக்கிவிட்டது.

ஜூன் 29

இந்த இழையை நாங்குநேரிக்காரனுக்கு அனுப்பியிருக்கக் கூடாது. இப்போது பெர்த்தில் இருக்கிறான். நேற்று இரவு போன் பண்ணி, வணக்கம்கூட இல்லை, "என்னலே கத விடுத?" என்றான்.

ஐந்து மணி நேரம் இல்லையாம், மூன்று. அதில் இரண்டு நான் குறட்டை விட்டுத் தூங்கினேனாம். தூங்கும்போது அவன் ரேடியோவில் கத்திக் கத்தி, நெடுஞ்சாலையில் போன லாரி ஓட்டுநர் ஒருவரைப் பிடித்து, வெள்ளை வண்டி, இரண்டு டயரும் போச்சு, இந்த இடம் என்று சொன்னானாம். அவர்தான் ரோட்ஹவுஸில் சொல்லியிருக்கிறார், பண்ணைக்காரர் வந்ததும் அப்படித்தான். பாலைவனத்துக்கு ஆயிரம் கண் என்று நான் பத்து வருடமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவந்த கதைக்கு அடியில் இவன் உட்கார்ந்திருக்கிறான்.

"ஏன் அப்பவே சொல்லல?"

"சொன்னேன்லே. நீ அந்தம்மாட்ட வாயைப் பொளந்துட்டு நின்ன."

முதல் கேள்வி கேட்டவருக்கு: ஜூன் 12இல் நான் எழுதியதில் டயர் பகுதியை அடித்துவிட்டுப் படிக்கவும். காற்று பார்க்காதது மட்டும் உண்மை.